தலைகீழாகத் தைத்த நாலாம் கட்டு

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். "லிஃப்ட் என்ன வண்டியா, ஓட்டுறதுக்கு?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்களெல்லாம் பொத்தான் அமுக்கும் லிஃப்ட்டை மட்டும் பார்த்தவர்கள். இது பழையது. கம்பிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்த வேண்டும். பித்தளைப் பிடியைத் திருப்பி, மாடி மட்டம் வரும்போது கணக்காக விட வேண்டும். இரண்டு விரற்கடை ஏறி நின்றால் உள்ளே வருகிறவர் தடுக்குவார், இறங்கி நின்றால் வெளியே போகிறவர் தடுக்குவார். அவர் கையில் ஒருத்தரும் விழுந்ததில்லை. பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. கட்டடத்தில் எல்லாருக்கும் லிஃப்ட்டுக்காரர். மனைவிக்கு 'என்னங்க'. அக்காவுக்கு 'டேய்'.

அந்த அக்காவைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது. இவரையும் சேர்த்துக் கூடப்பிறந்தவர்கள் நாலு பேர். மூத்தவள் அக்கா. அடுத்தவர் ஓர் அண்ணன். கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார், வருஷத்துக்கு ஒரு போன் வரும். அதற்கடுத்த சின்னக்கா தலைப்பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தாள். கடைக்குட்டி இவர். ஆக மிஞ்சியது தலையும் வாலும். அக்கா புருஷன் குடை பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர், தங்கமான மனுஷன், ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவள் வேறு ஊரில். அக்கா இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்துகொண்டு, தையல் கடைகளிலிருந்து வரும் கோட்டுகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் நுழைகிற துளையைச் சுற்றி நூலால் நெருக்கிப் பின்னுகிற வேலை அது. மெஷினிலும் எடுக்கலாம்தான். ஆனால் கூடுதல் விலைக் கோட்டுக்குக் கைக்காஜா இருந்தால்தான் வாங்குகிறவர் மனசு ஆறும். நாற்பது வருஷம் அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அவளுடையவை.

தலைக்கும் வாலுக்கும் ஒரே பைத்தியம், கதைப்புத்தகம். அக்கா படித்தது ஐந்தாவது, இவர் எட்டாவது. ஆனால் இருவரும் விழுங்கிய நாவல்களை அடுக்கினால் அந்தக் கட்டடத்தில் மூன்றாம் மாடி வரை வரும்.

லிஃப்ட்டுக்குள் புத்தகம் கூடாது என்று மேனேஜர் எழுதி ஒட்டியிருந்தார். புத்தகம்தானே கூடாது? லிஃப்ட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். புதுப் புத்தகம் வாங்கியதும் அட்டையை உரிப்பார், பிளேடால் முதுகு நூலை அறுப்பார், காக்கிச் சட்டையின் உள்பையில் அடங்குகிற கனத்துக்குத் துண்டு துண்டாகப் பிரிப்பார். அதற்குக் கட்டு என்று பெயர். சாதாரண நாவல் ஐந்து கட்டு வரும், குண்டு நாவல் பதினொன்று வரும். மாடிக்கும் மாடிக்கும் நடுவே படிப்பார். கதையில் ஒரு பெண் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள், "ஆறு" என்று யாரோ சொல்வார்கள், அவள் ஆறாம் மாடி போய்த் திரும்பும்வரை கிணற்றடியிலேயே நிற்பாள்.

படித்து முடித்த கட்டை ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் கொண்டுபோவார். ஒரு வாரத்துக்கு ஒன்று. மேற்கொண்டு கதை எங்கே போகிறது என்று அவர் வாயைத் திறக்கக் கூடாது, அது சட்டம். அக்கா வாசலிலேயே கையை நீட்டுவாள்.

"என்னடா, செத்தானா அவன்?"

"நான் சொல்ல மாட்டேன்."

"உன் மூஞ்சியப் பாத்தா செத்துட்டான்னுதான் தோணுது."

"அக்கா, நான் லிஃப்ட்டுக்காரன். ஏத்திவிடுவேன், எறக்கிவிடுவேன். மேல என்ன நடக்குதுன்னு சொல்றது என் வேலை இல்ல."

எல்லாக் கட்டும் வந்து சேர்ந்ததும் அக்கா அவற்றை அடுக்கி, காஜா ஊசியால் முதுகில் தைத்து முழுப் புத்தகமாக்கி அலமாரியில் வைப்பாள். கையில் அப்போது எந்தக் கோட்டு இருக்கிறதோ அந்த நூல். அதனால் அந்த வீட்டில் புத்தகங்களுக்குப் பேரே நூல்தான். "அந்த நீல நூல் புத்தகத்துல ஒரு மாமியா வருவாளே" என்பாள். "பழுப்பு நூல் மாமியாவ விடவா?" என்பார் இவர். பிறகு சண்டை. அக்காவுக்குப் பிடித்த ஆளை இவருக்குப் பிடிக்காது. ஒரு தடவை ஒரு கதாநாயகன் செய்தது சரியா தப்பா என்று மூன்று ஞாயிறு சண்டை போட்டு, மனைவி வந்து சமாதானம் பண்ண வேண்டியதாயிற்று. "செத்துப்போன ஆளுக்காகக்கூட இப்படி யாரும் அடிச்சிக்க மாட்டாங்க. இவன் பொறக்கவே இல்ல" என்றாள் அவள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா கோட்டுகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள். கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி என்றாள். கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சொட்டு மருந்து விட்டு அவளைப் பெஞ்சில் கண்மூடி உட்காரவைத்துவிட்டு, டாக்டரம்மா இவரை மட்டும் வெளியே கூப்பிட்டாள்.

"நடுப்பார்வை தேயுதுங்க. ஓரமெல்லாம் தெரியும், நேரா பாக்குறது மங்கிக்கிட்டே வரும். நிறுத்த முடியாது, தள்ளிப் போடலாம். தையலை விட்டுடச் சொல்லுங்க."

"படிக்கறது?"

"புத்தகத்துல இருக்கிற சின்ன எழுத்து ரொம்ப நாள் ஓடாது. எழுத்தப் பெருசு பண்ற ஈ-ரீடர் கெடைக்குது பாருங்க, அது இருந்தா இன்னும் ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம் சொந்தமா படிப்பாங்க. வாங்கறதா இருந்தா சீக்கிரம் வாங்குங்க."

அவர் திரும்பி வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா, "என்னடா சொல்றாங்க?" என்றாள்.

"தையல விடணுமாம்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். ரீடரை வாங்கிக்கொண்டுபோய் நீட்டி அவளை அசத்தலாம் என்று நினைத்ததாகப் பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை.

கட்டடத்துக்கு அடுத்தாற்போல் ஒரு மின்சாமான் கடை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனார். கண்ணாடிப் பெட்டியின்மேல், யாரும் தூக்கிப் போகாதபடி கம்பிச் சுருளில் கட்டி, பார்க்கிறவர்கள் பார்ப்பதற்கென்று ஒன்றை வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடச் சிலேட்டுப் போல இருந்தது. விலை, அவருடைய மூன்று மாதச் சம்பளம்.

பணம் இல்லாமலில்லை. இருபத்தைந்து வருஷம் முடித்ததற்குக் கட்டட நிர்வாகம் கொடுத்த தொகை பாங்கில் அப்படியே கிடந்தது. ஆனாலும் மூன்று மாதச் சம்பளத்தை ஒரு சிலேட்டுக்குக் கொடுப்பதா என்று கை பின்வாங்கியது.

கடையில் நின்ற பெண் விவரமானவள். "அங்கிள், அவசரம் இல்லன்னா கொஞ்சம் பொறுங்க. இதெல்லாம் வருஷா வருஷம் எறங்கும். புது மாடல் வந்தா பழசு அடிமாட்டு வெல."

அவசரம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவசரம் என்றும் சொல்லவில்லை. பைக்குள் கிடந்த ஒரு துண்டுச் சீட்டில் 'ரீடர்' என்று எழுதி, தேதியும் விலையும் குறித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் போனார். கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னொரு சீட்டு. அதற்கடுத்த மாதம் அதே விலை. நாலாம் மாதம் ஒரேயடியாக இறங்கி இரண்டு மாதச் சம்பளத்துக்கு வந்தது. அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வாங்காமலே ஒரு மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டவர் போல லிஃப்ட்டுக்குத் திரும்பினார். சீட்டுகள் பக்க அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளத் தோதாக இருந்தன. படிக்கிற கட்டில் செருகுவார், எடுக்க மறப்பார், அது அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்விடும்.

மனைவி மட்டும் விடவில்லை.

"என்னங்க, வாங்கிட்டீங்களா?"

"எறங்கட்டும்."

"லிஃப்ட்டுலயே ஒக்காந்து ஒக்காந்து, நின்னா எல்லாமே கீழ எறங்கி வரும்னு நெனப்பு உங்களுக்கு. கண் கெட்ட அப்பறம் சூரிய நமஸ்காரம் பண்ணாதீங்க."

"இன்னும் ரெண்டு மாசம்."

"போன மாசமும் ரெண்டு மாசம்தான்."

இவ்வளவும் கஞ்சத்தனம் என்று நினைத்தால் அதுகூடப் பரவாயில்லை. விஷயம் அதற்கும் கீழே இருந்தது. விலை குறிக்கப் போகிற சாக்கில் அவர் அந்தக் கம்பிச் சுருள் சிலேட்டைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் ஒரு நாவல் இருந்தது. ஒரு படகுத்துறை, ஒரே துறையில் எதிரெதிர்க் கரைக்குப் படகு விடுகிற இரண்டு பங்காளிகள், இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நின்றபடியே நாலு பக்கம் படித்தார். மறுநாளும் போனார். பிளேடும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம், விரலை வைத்தால் பக்கம் நகர்ந்தது. இத்தனை நாள் சட்டைப்பையில் திருட்டுத்தனமாக வைத்துப் படித்தவருக்குக் கடையில் எல்லார் கண் முன்னாலும் நின்று படிப்பதுதான் பெரிய திருட்டாகத் தெரிந்தது. அக்கா அலமாரியில் இருக்கும் அத்தனை நூல் முதுகும் தன் முதுகைப் பார்ப்பது போல இருக்கும். போகாமலும் இருக்க முடியவில்லை.

"அங்கிள், நீங்க வாங்கறதுக்குள்ள புத்தகமே முடிஞ்சிடும் போல" என்றாள் கடைப்பெண்.

முடிந்துவிட்டது. ஐந்து மாதத்தில், நின்ற நிலையில், ஒரு முழு நாவல். அவர் வாழ்க்கையில் அக்காவுக்குக் கட்டுப் போகாத முதல் புத்தகம். அவளிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒரு நாள் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வார்த்தைதான் நின்றது, ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் கனம். இதை அக்காவால் படிக்க முடியும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது தெரிந்த அன்றைக்கும் வாங்கவில்லை. சிலேட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்குள் எல்லாக் கட்டும் மொத்தமாக இருக்கும். வாசலில் யார் கை நீட்டுவார்கள்? "செத்தானா அவன்?" என்று யாரிடம் கேட்பார்கள்? அவள் இவரை முந்திக்கொண்டு படித்துவிடுவாள், இவர் கேட்க வேண்டியிருக்கும். இந்த நினைப்பை அவர் முழுசாக நினைத்துப் பார்க்கவில்லை. பாதி மாடியிலேயே நிறுத்திக் கதவைத் திறக்காமல் கீழே கொண்டுவந்துவிடுவார். வெளியே சொன்னதெல்லாம் ஒரே வார்த்தை, எறங்கட்டும்.

விலையும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒன்றரை மாதச் சம்பளம், ஒரு மாதம், இருபது நாள்.

இந்த இடைவெளியில் அக்கா சாந்தமாகிவிட்டாள். கையை நீட்டி வாங்குவாள், அடுத்த வாரம் பேசுவாள். ஆனால் சண்டை நின்றுபோயிற்று.

"அந்த வக்கீலப் பத்தி என்னக்கா நெனக்கற?"

"நீ முதல்ல சொல்லு."

"எனக்கு அவனக் கண்டாலே ஆகல."

"ஆமாண்டா, எனக்கும்தான். என்னவோ மாதிரி ஆளு."

முதலில் இவருக்கு ஆச்சரியமாக இருந்தது, பிறகு பெருமையாக இருந்தது. "அக்காவுக்கு இப்பத்தான் என் ரசனை வந்திருக்கு" என்று மனைவியிடம் சொன்னார். படிக்கக் கஷ்டமாயிருக்கிறதா என்று கேட்டால், "பூதக்கண்ணாடி இருக்குடா, மெதுவா ஓட்றேன்" என்பாள். புத்தகங்களும் மிச்சம் கிடந்த கோட்டு நூலில் தைத்து அலமாரிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆகவே இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று பட்டது. இப்படி ஒரு வருஷம்.

டாக்டரம்மா சொல்லி இரண்டேகால் வருஷம் கழிந்தபோது, கடைப்பெண் அவரைப் பார்த்ததும் கை தட்டினாள். விலையை இவர் சம்பளக் கணக்கிலேயே சொல்லிச் சொல்லி அவளுக்கும் அது பழகியிருந்தது. "அங்கிள், பத்து நாள் சம்பளம்! இதுக்கும் கீழ போச்சுன்னா சும்மா குடுக்க வேண்டியதுதான். இன்னிக்காவது எடுங்க, கம்பிச் சுருள் தேஞ்சு போச்சு."

எடுத்தார். அதற்குள் என்ன புத்தகம் போட என்று கேட்டாள். அந்தப் படகுத்துறை நாவலையே போடச் சொன்னார். அக்காவுக்குத் தராமல் தின்றதை இப்படியாவது கொடுத்துவிடலாம் என்று.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வாசலில் கையை நீட்டினாள். கட்டுக்குப் பதிலாகச் சிலேட்டை வைத்தார். அவள் அதைத் தடவினாள், எடை பார்த்தாள், பின்பக்கம் தட்டினாள்.

"இதானாடா அது?"

எது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. எழுத்தை ஆகப் பெரிதாக்கி, விரலை எங்கே வைத்தால் பக்கம் நகரும் என்று காட்டினார். அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள், கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள்.

"தெரியுதாக்கா?"

"தெரியாம? பளிச்சுனு இருக்கு. நீ கிட்ட நின்னா எனக்குப் படிக்க வராது. போயி டீ போடு."

டீயோடு வந்தபோது அவள் விரல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. லிஃப்ட்டுக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான், காரியம் கெடவில்லை என்று நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தார்.

மறு ஞாயிறு போய் உட்கார்ந்ததும், "எப்படிக்கா இருக்கு கதை?" என்றார்.

"நீ முதல்ல சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது? இது நான் படிச்சிக் குடுத்த கட்டு இல்லயே. நான் இதப் படிக்கவே இல்லயே." பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

"நீ படிக்கலயா?"

"இல்லக்கா."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது போலக்கூட இருந்தது. "நல்ல கதைடா. ஒரு வீட்டுக்காரி. வீட்டை வித்துடு வித்துடுன்னு மகன் நச்சரிக்கறான். அவ மாட்டேங்கறா. ஏன்னு யாருக்கும் சொல்ல மாட்டா. கடைசில பாத்தா அந்த வீட்டுல ஒரு செவுத்துக்குள்ள..." என்று ஆரம்பித்து, மகனுக்கு ஒரு பெண்டாட்டி, அவளுக்கு ஒரு தம்பி, அவன் ஒரு கோள்மூட்டி என்று அழகாக விரித்துக்கொண்டே போனாள். சண்டை போட்ட பழைய அக்காவின் குரல். கண்கள் இவர் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த நாவலில் வீடு கிடையாது. மகன் கிடையாது. இரண்டு படகும் இரண்டு பங்காளிகளும் தண்ணீரும்தான்.

அவர் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைக்கு வந்த புத்தகத்தை உருவினார். கடைசியாக அவள் தைத்தது, சாம்பல் நூல். தையல் என்னவோ சுத்தம், ஒரு இழை பிசகவில்லை. மூன்று கட்டு வரை பக்கங்கள் ஒழுங்காகப் புரண்டன. நாலாம் கட்டு தலைகீழாக இருந்தது. கடைசிப் பக்கம் முன்னால் வந்து, எழுத்தெல்லாம் கால் மேலாக நின்றன. அதற்கடுத்த கட்டு மறுபடி நேராக. அட்டையில்லாத கட்டில் முதுகுப் பக்கம் எது என்று விரலுக்குத் தெரியும். தலை எது, கால் எது என்பது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு முந்தைய புத்தகத்தை எடுத்தார். அதில் இரண்டு கட்டு. அதற்கு முந்தையதில் ஒன்று. எண்ணிக்கொண்டே பின்னால் போனார். பதினோரு மாதத்துக்கு முந்தைய பச்சை நூல் புத்தகத்தில்தான் எல்லாம் நேராக இருந்தது.

பதினோரு மாதத்துக்கு முன்னால் விலை என்னவென்று அவருக்கு மனப்பாடம். ஒரு மாதச் சம்பளம்.

பின்னால் கதை நின்றுபோயிருந்தது. "கையில எது?" என்றாள் அக்கா.

"சாம்பல் நூல்."

"அதுல என்ன?"

"நாலாம் கட்டு தலைகீழா இருக்குக்கா."

அக்கா சிலேட்டைத் தடவி எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "மத்ததெல்லாம் சரியா வந்திருக்கா?" என்றாள்.

"வந்திருக்கு."

"அப்ப பரவால்ல. கண்ண மூடிக்கிட்டு அஞ்சுக்கு நாலு." சிரிக்கப் பார்த்தாள். "போன வருஷத்துலேர்ந்தே ஒண்ணும் தெரியலடா. நீ பேசறத வெச்சே ஒப்பேத்திட்டேன். சொல்லியிருந்தா நீ துடிச்சிப் போயிருப்ப. எனக்குத் தெரியாதா? ஆரம்பத்துல, பார்வை கொஞ்சம் இருக்கும்போதே, நீ கட்டுக்குள்ள விட்ட சீட்டெல்லாம் பாத்தேனே. ரீடர், தேதி, வெல. எதிர் வீட்டுப் பொண்ணக் கேட்டேன், ரீடர்னா என்னடின்னு. எழுத்துப் பெருசா வருமாம்னா. அப்பவே எனக்கு ஒடம்பு கூசிப் போச்சு. பாவம், கையில இல்லாம, மாசா மாசம் கடை வாசல்ல போயி நின்னு, கொஞ்சம் கொஞ்சமா சேத்து வெக்கறானேன்னு. வேணாம்டான்னு சொன்னா உன் மனசு ஒடஞ்சிடும். அதான் படிக்கற மாதிரியே இருந்தேன். உன்ன இவ்ளோ கஷ்டப்படுத்திட்டேனேன்னு எனக்குத்தான்..."

அங்கேயே, அப்படியே விட்டிருக்கலாம். 'பரவால்லக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காலமெல்லாம் அவள் மனசில், கஷ்டப்பட்டுச் சேர்த்து வைத்து வாங்கிவந்த தம்பியாக இருந்திருப்பார். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். முப்பத்தோரு வருஷமாகக் கதவைத் திறந்து சாத்திய கை, அதற்குமேல் அசையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அக்கா, காசு இருந்துச்சு."

"என்னடா?"

"மொத நாளே இருந்துச்சு. பாங்குல சும்மா கெடந்துச்சு. டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க, சீக்கிரம் வாங்குங்க, ஒரு வருஷம் ஒண்ணரை வருஷம் படிப்பாங்கன்னு. உன்கிட்ட நான் சொல்லல. வெல எறங்கட்டும்னு இருந்தேன்."

அக்காவின் கை மேஜைமேல் கிடந்த ஊசிப்பெட்டியைத் தேடிப் பிடித்தது. "வெல எறங்கறதுக்கா?"

"அதுவும்தான்." மேஜைமேல் இருந்த காலி டம்ளரை நகர்த்தி வைத்தார். "அது வந்துட்டா நீ வாசல்ல வந்து நிக்க மாட்டியேன்னு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் அழுதிருப்பார், அழுதால் கொஞ்சம் கழிந்திருக்கும். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இந்த டம்ளர எடுத்துட்டுப் போயி கழுவி வெச்சிட்டுக் கெளம்பு" என்றாள். "அடுத்த வாரம் வராத."

அடுத்த வாரமும் போகவில்லை, அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மனைவி மட்டும் போய் வந்தாள். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டால், "சாப்பிட்டாங்க" என்பாள். அந்தச் சூரிய நமஸ்காரப் பழமொழியை அவள் மறுபடி சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் சோற்றில் கல் மாதிரி ஒவ்வொரு வாய்க்கும் தட்டுப்பட்டது. லிஃப்ட்டில் சட்டைப்பை காலியாக இருந்தது. ஒரு மத்தியானம் கடைப்பெண் கட்டட வாசலில் மறித்து, "அங்கிள், தெரியுமா? இன்னும் எறங்கிடுச்சு, எட்டு நாள்!" என்றாள் சிரித்துக்கொண்டே. அவர் கேட்காத மாதிரி உள்ளே போய்க் கம்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு முதல் முறையாக நாலாம் மாடியில் லிஃப்ட் இரண்டு விரற்கடை ஏறி நின்றது. உள்ளே வந்த அம்மாள் தடுக்கினாள்.

மூன்றாம் ஞாயிறு, வரச் சொல்லாமலே போனார். கதவு திறந்திருந்தது. வாசலில் யாரும் கை நீட்டவில்லை. மேஜைமேல் சாம்பல் நூல் புத்தகம் அவிழ்ந்து கிடந்தது. ஐந்து கட்டும் தனித்தனியாக.

"வந்துட்டியா? எதுடா தல, எதுடா காலு? நேரா வெச்சு என் கையில குடு. தைக்கறத நான் தைப்பேன்."

நேராக வைத்துக் கொடுத்தார். அவள் விரலால் முதுகை நீவி, தைத்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது மட்டும் அவர். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்துவிட்டு, "அந்தச் சிலேட்டுல என்னதாண்டா கதை? படி, கேப்போம்" என்றாள். "உன்னால கெட்டுது. நீயே படி."

"நான் படிச்சா கதையில வர்ற எல்லாரும் என் கொரல்லயே பேசுவாங்களேக்கா."

"பேசட்டும். என்ன பண்றது."

"அக்கா, இன்னொண்ணு. இத நான் ஏற்கெனவே படிச்சிட்டேன். கடையில நின்னுக்கிட்டே, முழுசா."

"தெரியும்" என்றாள். "அன்னிக்கு நான் வீட்டுக்காரி கதை சொல்லும்போது நீ மூச்சே விடல. படிக்காதவன் நடுவுல ஏதாச்சும் கேப்பான்."

அவர் சிலேட்டை எடுத்தார். எழுத்து அவர் வைத்தபடியே ஆகப் பெரிதாக இருந்தது. ஏழெட்டு வார்த்தை, பக்கம் தள்ளு. ஏழெட்டு வார்த்தை, பக்கம் தள்ளு. மாடிக்கு மாடி நிற்கிற லிஃப்ட் போலப் படகு கரையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அரைமணி நேரத்தில் விரல் மரத்துவிட்டது.

"ஏண்டா இப்படித் தடுக்கித் தடுக்கிப் படிக்கற?"

"எழுத்துப் பெருசா இருக்குக்கா."

அவள் கையை நீட்டிச் சிலேட்டின் விளிம்பைத் தொட்டாள். பிறகு, "உனக்குத்தான் கண்ணு நல்லா இருக்கே, சின்னதாக்கிக்கயேன்" என்றாள்.

"இருக்கட்டும்" என்றார் லிஃப்ட்டுக்காரர். பக்கத்தைத் தள்ளினார்.